ஊசிக்கு அடுத்த இரவு

தடுப்பூசி போட்டுக்கொண்டவர் செவிலியரிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் சாப்பாட்டைப் பற்றியதாகவே இருக்கும். இன்றைக்குக் கறி சாப்பிடலாமா? முட்டை ஆகுமா? தலைக்குக் குளிக்கலாமா? பச்சிளம் குழந்தைக்குப் போட்டிருந்தால், பால் கொடுக்கும் தாய் என்ன பத்தியம் இருக்க வேண்டும்? கொரோனா காலத்து முகாம்களில் வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் இந்தச் சந்தேகம் இருந்தது. நேற்று இரவு சரியாகத் தூங்கவில்லையே, பரவாயில்லையா என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. ஆனால், உணவுக்கும் தடுப்பூசிக்கும் உள்ள உறவைவிட, தூக்கத்துக்கும் தடுப்பூசிக்கும் உள்ள உறவைப் பற்றித்தான் ஆய்வுகள் நமக்கு நேரடியாகச் சொல்லியிருக்கின்றன. உணவின் கதை வேறு மாதிரியானது. அது அன்றைய இலையில் இருப்பதைப் பற்றியது அல்ல. மாதக்கணக்கில், சில சமயம் தலைமுறைக் கணக்கில் நீளும் கதை.

முதலில் ஊசி போட்ட பிறகு உடம்புக்குள் நடப்பதைப் பார்த்துவிடலாம். மேற்கையில் ஊசி இறங்கிய இடத்தில் காவல் செல்கள் கூடுகின்றன. அவற்றில் டென்ட்ரிடிக் செல் எனப்படும் கிளைச் செல்கள், தடுப்பூசியில் உள்ள கிருமியின் துணுக்கை விழுங்கி, நிணநீர்க் குழாய் வழியே அக்குளில் உள்ள நிணநீர்க் கணுவுக்குக் கொண்டு போகின்றன. ஊசி போட்ட மறுநாள் அக்குளில் நெறி கட்டியிருப்பதாகச் சிலர் சொல்வது இதனால்தான். அந்தக் கணுவுக்குள் எண்ணற்ற டி செல்கள் வந்துபோய்க்கொண்டிருக்கின்றன. கொண்டுவந்த துணுக்குக்குப் பொருந்தும் ஏற்பி உள்ளவை அவற்றில் வெகு சில. அந்தச் சிலவும் கிளைச் செல்லை வெறுமனே உரசிவிட்டுப் போனால் போதாது. ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் பிரியாமல் இருக்க வேண்டும். அப்போதுதான் டி செல் விழித்தெழும். விழித்த டி செல்லின் உதவியோடு பி செல்கள் பெருகி, அவற்றில் ஒரு பகுதி சுமார் ஒரு வாரத்தில் ஆன்டிபாடி சுரக்கும் பிளாஸ்மா செல்களாக மாறும். மறு பகுதி கணுவுக்குள்ளேயே முளை மையம் எனப்படும் இடத்தில் தங்கி, தன் ஆன்டிபாடியின் அமைப்பைச் சிறிது சிறிதாக மாற்றிப் பார்த்து, நன்றாகப் பொருந்துவதை மட்டும் தக்கவைக்கும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், கொரோனா எம்ஆர்என்ஏ ஊசி போட்டவர்களின் அக்குள் கணுவில் நேரடியாக மாதிரி எடுத்துப் பார்த்தார்கள். இரண்டாம் தவணை முடிந்து 12 வாரம் ஆன பிறகும் அங்கே முளை மையங்கள் மும்முரமாக இயங்கிக்கொண்டிருந்தன.

ஆக, கை வலி அடங்கிய பிறகும் வேலை வாரக்கணக்கில் நடக்கிறது. ஆனால், அந்த வேலைக்கு எத்தனை டி செல்கள் சேர்கின்றன என்பது பெருமளவு முதல் ஓரிரு நாட்களில் தீர்மானமாகிவிடுகிறது. தூக்கம் நுழைவது இங்கேதான்.

2002-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் காரின் ஸ்பீகல், ஈவ் வான் காட்டர் ஆகியோர் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார்கள். ஆரோக்கியமான இளைஞர்கள் 25 பேர். அவர்களில் 11 பேருக்கு இரவுக்கு 4 மணி நேரம் மட்டுமே படுக்கை. இப்படி ஆறு இரவுகள். நான்கு இரவுகள் கழிந்ததும் ஃப்ளூ தடுப்பூசி. மற்றவர்கள் வழக்கம்போல் தூங்கி, அதே ஊசியைப் போட்டுக்கொண்டார்கள். பத்தாம் நாள் இரத்தத்தைச் சோதித்தபோது, தூக்கம் குறைக்கப்பட்டவர்களின் ஆன்டிபாடி அளவு மற்றவர்களின் அளவில் பாதிகூட இல்லை. இந்த ஆய்வை மேற்கோள் காட்டும் பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அது நியாயம் இல்லை. அந்த 11 பேருக்கும் ஆறு இரவுகளுக்குப் பின் ஒரு வாரம் நீண்ட தூக்கம் கிடைத்தது. மூன்று, நான்கு வாரம் கழித்துச் சோதித்தபோது இரு குழுவினருக்கும் இடையே சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. தாமதம் நேர்ந்தது உண்மை. ஆனால், ஊருக்குள் ஃப்ளூ பரவிக்கொண்டிருக்கும் நேரத்தில் இரண்டு வாரத் தாமதம் சின்ன விஷயம் இல்லை.

அடுத்து வந்த ஜெர்மன் ஆய்வு இன்னும் கூர்மையானது. லூபெக் பல்கலைக்கழகத்தில் தான்யா லாங்கேயும் யான் போர்னும் சேர்ந்து, தூக்கத்தை நாட்கணக்கில் குறைக்காமல், ஒரே ஒரு இரவை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பங்கேற்றவர்கள் 19 பேர். எல்லோருக்கும் காலை ஒன்பது மணிக்கு ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசி. அன்றிரவு ஒரு பாதியினர் தூங்கினார்கள். மறு பாதியினர் விடிய விடிய விழித்திருந்து, மறுநாள் இரவுதான் படுக்கப் போனார்கள். அதற்குப் பிறகு எல்லோருக்கும் ஒரே மாதிரி வாழ்க்கை. நான்கு வாரம் கழித்து, ஊசி போட்ட இரவில் தூங்கியவர்களின் ஆன்டிபாடி அளவு விழித்திருந்தவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. 2003-இல் வெளிவந்த இந்த முடிவை அவர்களே நம்பாமல் மறுபடி சோதித்ததுபோல, 27 ஆண்களைக் கொண்டு செய்த சற்றே பெரிய ஆய்வு ஒன்றை 2011-இல் வெளியிட்டார்கள். மூன்று தவணை ஊசி. ஒவ்வொரு தவணைக்கும் அடுத்த இரவு தூக்கம் அல்லது விழிப்பு. தூங்கியவர்களுக்கு அந்த வைரஸை அடையாளம் காணும் உதவி டி செல்கள் இரண்டு மடங்காக இருந்தன. ஓராண்டு வரை தொடர்ந்து பார்த்தபோதும் அந்த வேறுபாடு மறையவில்லை.

யான் போர்ன் அடிப்படையில் மூளையின் நினைவாற்றலை ஆராய்பவர். பகலில் கற்றது ஆழ்ந்த தூக்கத்தில் மூளையில் பதிகிறது என்பதைக் காட்டிய முன்னோடிகளில் ஒருவர். நோய் எதிர்ப்பு மண்டலமும் ஒரு கிருமியை ஒருமுறை பார்த்து நெடுங்காலம் நினைவில் வைக்கிறதே, அதற்கும் இரவு தேவைப்படுமோ என்ற ஐயம் அவருக்கு எழுந்தது இயல்பு. 2011 ஆய்வில் தூங்கியவர்களின் மூளை அலைகளையும் ஹார்மோன்களையும் இரவு முழுக்க அளந்தார்கள். ஆழ்ந்த உறக்கத்தின் மெதுவான அலைகள் எவருக்கு அதிகமோ, அவருக்குத் தடுப்பூசியின் பலனும் அதிகம்.

காரணம் ஹார்மோன்களின் இரவுக் கணக்கில் இருக்கிறது. தூங்கத் தொடங்கிய முதல் சில மணி நேரத்தில்தான் ஆழ்ந்த உறக்கம் அதிகம். அப்போது வளர்ச்சி ஹார்மோனும் புரோலாக்டினும் உச்சத்துக்குப் போகின்றன. எதிர்ப்பு மண்டலத்தை அடக்கி வைக்கும் கார்டிசால் அடிமட்டத்துக்கு இறங்குகிறது. இரத்தத்தில் சுற்றும் டி செல்களில் பல, இரத்தத்தை விட்டு நிணநீர்க் கணுக்களுக்குப் போய்ச் சேர்கின்றன. காலையில் போட்ட ஊசியின் துணுக்கைக் கிளைச் செல்கள் அக்குளுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் அதே நேரத்தில், அதைப் பார்க்க வேண்டிய டி செல்களும் அங்கே வந்து கூடுகின்றன. இன்னொன்றும் உண்டு. டி செல்கள் மற்ற செல்களோடு ஒட்டிக்கொள்ள இன்டெக்ரின் என்ற புரதத்தைப் பயன்படுத்துகின்றன. விழிப்பிலும் மன உளைச்சலிலும் சுரக்கும் அட்ரினலின் வகை ஹார்மோன்கள் அந்த ஒட்டும் திறனைக் குறைக்கின்றன என்றும், தூங்குபவர்களின் டி செல்களில் அந்தத் திறன் கூடியிருக்கிறது என்றும் 2019-இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். மணிக்கணக்கில் ஒட்டியிருக்க வேண்டும் என்று மேலே சொன்னதற்கும் இதற்கும் உள்ள தொடர்பு வெளிப்படை.

உடம்பும் இதைக் கேட்கிறது. ஊசி போட்ட அன்று வரும் அசதிக்கும் தூக்கக் கலக்கத்துக்கும் காரணம், காவல் செல்கள் வெளியிடும் இன்டர்லூகின்-1 போன்ற செய்திப் பொருட்கள். அவை மூளையில் ஆழ்ந்த உறக்கத்தைத் தூண்டுகின்றன. கலிபோர்னியாவில் இரண்டு மாதக் குழந்தைகள் 70 பேரின் கணுக்காலில் அசைவுமானி கட்டிப் பார்த்ததில், தடுப்பூசிக்கு முந்தைய நாளைவிட அடுத்த நாளில் அவர்கள் கூடுதலாகத் தூங்கினார்கள். ஊசி போட்ட குழந்தை பால் குடித்துவிட்டு அசந்து தூங்கினால், நேரமாகிவிட்டதே என்று எழுப்பிக் கொஞ்ச வரும் உறவினர்களைத் தடுத்து நிறுத்துவது தாயின் கடமை என்றே சொல்வேன்.

ஆய்வுக்கூடத்தில் ஒருவரை விழிக்க வைப்பது ஒன்று, அன்றாட வாழ்க்கை வேறு. பிட்ஸ்பர்க் நகரில் ஆரிக் பிராதர் குழு 40 முதல் 60 வயதுக்குட்பட்ட 125 பேருக்கு ஹெபடைடிஸ் பி ஊசியை மூன்று தவணை போட்டது. அவர்களின் தூக்கத்தை வீட்டிலேயே கைக்கடிகாரம் போன்ற கருவியால் அளந்தது. சராசரியாக 6 மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்கு, 7 மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிடப் பாதுகாப்பு அளவை எட்டாமல் போகும் வாய்ப்பு 11 மடங்குக்கும் மேல். எண்ணிக்கை சிறியது என்பதால் இந்த மடங்கை அப்படியே மனப்பாடம் செய்ய வேண்டாம். திசை தெளிவாக இருக்கிறது. 2023-இல் ஸ்பீகலும் வான் காட்டரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிக் கணக்கிட்டார்கள். கருவியால் அளந்த 6 மணிக்கும் குறைவான தூக்கம் ஆன்டிபாடியைத் தெளிவாகக் குறைக்கிறது. அந்தக் குறைவு, ஃபைசர் கொரோனா ஊசி போட்ட இரண்டு மாதத்தில் ஆன்டிபாடி தானாகக் கரைந்துபோகும் அளவுக்கு ஒப்பானது. இத்தனை மணி தூங்கினேன் என்று பங்கேற்றவர்களே சொன்னதை வைத்துப் பார்த்த ஆய்வுகளில் உறவு தெளிவாக இல்லை. ஆண்களிடம் விளைவு பெரிது; பெண்களிடம் உறுதியாகத் தெரியவில்லை. பெண்களின் ஹார்மோன்கள் மாதச் சுழற்சி, கருத்தடை மாத்திரை, மாதவிடாய் நிற்றல் என மாறிக்கொண்டே இருப்பதை இந்த ஆய்வுகள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. இரவுப் பணியில் இருக்கும் செவிலியர்களில் பெரும்பாலோர் பெண்களாக இருக்கும்போது, இந்தக் கேள்வியை இத்தனை நாள் விட்டு வைத்தது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

ஊசி போடும் நேரம் பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. பர்மிங்காமில் 65 வயதைக் கடந்த 276 பேருக்குக் காலையிலோ பிற்பகலிலோ ஃப்ளூ ஊசி போட்டார்கள். மூன்று வைரஸ் வகைகளில் இரண்டுக்குக் காலைக் குழுவுக்கு ஆன்டிபாடி கூடுதலாக இருந்தது. முதியவர்களை அழைத்துப் போகிறவர்கள் முடிந்தால் காலையில் போகலாம். முடியாவிட்டால் மாலையில் போடுங்கள்; போடாமல் திரும்பி வருவதற்கு இது காரணம் ஆகாது.

இனி உணவு. இதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை, வேலூர் போதும்.

1970-களில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வைரஸ் ஆய்வாளர் டி. ஜேக்கப் ஜான், போலியோ சொட்டு மருந்து குடித்த குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்தபோது கண்டது உலக சுகாதாரத் திட்டங்களையே யோசிக்க வைத்தது. மேலை நாடுகளில் மூன்று தவணையில் கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் எதிர்ப்பு உருவாகும் அதே மருந்து, இங்கே மூன்று தவணைக்குப் பிறகும் ஏறத்தாழ மூவரில் ஒரு குழந்தையைப் பாதுகாப்பின்றி விட்டிருந்தது. ஐந்து தவணை கொடுத்தால் என்ன ஆகிறது என்பதை அவர் 1976-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். நம் குழந்தைகள் மற்ற நாட்டுக் குழந்தைகளைவிட அதிக முறை சொட்டு மருந்து குடிக்க நேர்ந்ததன் பின்னணி இதுதான்.

ரோட்டா வைரஸ் சொட்டு மருந்திலும் அதே கதை. பணக்கார நாடுகளில் கடுமையான வயிற்றுப்போக்கை 85 சதவீதத்துக்கும் மேல் தடுக்கும் மருந்து, மலாவியில் 49 சதவீதம்தான் தடுத்தது. டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் சோதிக்கப்பட்ட இந்தியத் தயாரிப்பான ரோட்டாவாக், முதலாண்டில் சுமார் 56 சதவீதம். வயிற்றுப்போக்கு மிகுந்த நாட்டில் இந்த 56-கூட ஏராளமான குழந்தைகளைக் காப்பாற்றும். அதனால் இதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம்.

ஊட்டச்சத்துக் குறைவுதான் காரணம் என்று முதலில் தோன்றும். ஆனால், ஒரு விந்தை இருக்கிறது. எடை குறைந்த, மெலிந்த குழந்தைகளும் தட்டம்மை, டெட்டனஸ் போன்ற ஊசி வழித் தடுப்பு மருந்துகளுக்குப் பெரும்பாலும் நன்றாகவே ஆன்டிபாடி உண்டாக்குகிறார்கள். சிக்கல் வாய் வழி மருந்தில்தான், அதாவது குடலில். திரும்பத் திரும்பக் கிருமி கலந்த தண்ணீரும் வயிற்றுப்போக்கும் சேர்ந்து, குடல் சுவரில் விரல்போல் நீண்டிருக்கும் குடலுறிஞ்சிகளை மழுங்கடித்து, அங்கே ஓயாத அழற்சியை உண்டாக்குகின்றன. வெளியே குழந்தை ஓடி விளையாடும்; உள்ளே குடல் சத்தையும் சரியாக உறிஞ்சாது, தடுப்பு மருந்தின் பலவீனமாக்கப்பட்ட வைரஸையும் சரியாக வளரவிடாது. கூடவே குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் வேறு வைரஸ்கள் போட்டி போடும். தாயிடமிருந்து வந்த ஆன்டிபாடிகளும் குறுக்கே நிற்கும்.

இதைச் சரிசெய்ய வேலூரில் நடந்த முயற்சிகளைப் படிக்கும்போது, அறிவியல் எவ்வளவு பொறுமையான வேலை என்று தோன்றுகிறது. 754 குழந்தைகளைச் சேர்த்து, ஒரு குழுவுக்குச் சொட்டு மருந்துக்கு முன் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்துப் பார்த்தார்கள். நோய் தரும் பாக்டீரியாக்கள் குறைந்தன, குடல் அழற்சியின் அடையாளங்களும் குறைந்தன; போலியோ எதிர்ப்பு மட்டும் கூடவில்லை. இன்னொரு ஆய்வில் துத்தநாகச் சத்தையும் லாக்டோபேசில்லஸ் வகை நன்மை பாக்டீரியாவையும் கொடுத்தார்கள். ரோட்டா மருந்தின் பலன் சற்றே கூடியது, போலியோவில் மாற்றம் இல்லை. தாய்ப்பாலை நிறுத்தி வைத்தால் பலன் கூடுமா என்று இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் தென்னாப்பிரிக்காவிலும் சோதித்தார்கள். கூடவில்லை. சொட்டு மருந்து கொடுத்த பின் அரை மணி நேரம் பால் கொடுக்கக் கூடாது என்று இன்னும் சில இடங்களில் சொல்கிறார்கள். பசித்து அழும் குழந்தையை அப்படிக் காக்க வைக்க எந்தக் காரணமும் இல்லை. ஒரு மாத்திரையாலோ ஒரு வாரச் சிகிச்சையாலோ சரிசெய்ய முடியாத அளவுக்கு அந்தக் குடல் பாதிப்பு ஆழமானது. தண்ணீர்க் குழாயும் கழிவறையும் தடுப்பூசித் திட்டத்தின் பகுதி என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

பெரியவர்கள் விஷயத்தில் குடல் பாக்டீரியாக்களின் பங்கு 2019-இல் ஸ்டான்ஃபோர்டின் பாலி புலேந்திரன் குழு செய்த ஆய்வில் தெரிந்தது. ஆரோக்கியமானவர்களுக்குச் சில நாள் பல வகை ஆன்டிபயாட்டிக் கொடுத்துக் குடல் பாக்டீரியாக்களைப் பெருமளவு அழித்த பிறகு ஃப்ளூ ஊசி போட்டார்கள். அந்த வைரஸ் வகைக்கு ஏற்கெனவே எதிர்ப்பு குறைவாக இருந்தவர்களிடம் ஊசியின் பலன் குறைந்தது. சளி பிடித்தாலே கடையில் ஆன்டிபயாட்டிக் கேட்டு வாங்கும் பழக்கத்தை விட இன்னொரு காரணம் கிடைத்திருக்கிறது.

வைட்டமின் மாத்திரைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பாஸ்டனில் 1997-இல் 65 வயது கடந்த 88 பேருக்கு வைட்டமின் ஈ கொடுத்தபோது, நாளுக்கு 200 மில்லிகிராம் சாப்பிட்டவர்களுக்கு ஹெபடைடிஸ் பி ஆன்டிபாடி மற்றவர்களைவிட நன்றாகக் கூடியது. 800 மில்லிகிராம் சாப்பிட்டவர்களுக்கு அந்த அளவு பலன் இல்லை. லண்டனில் வைட்டமின் டி கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில் கொரோனா ஊசியின் பலன் கூடவே இல்லை. எனக்கு நம்பிக்கை தருவது பெல்ஃபாஸ்ட் ஆய்வுதான். காய்கறி, பழம் குறைவாகச் சாப்பிட்டுவந்த 65 முதல் 85 வயதுக்காரர்கள் 83 பேரில் ஒரு பாதியினரை 16 வாரம் தினம் ஐந்து பங்கு காய்கறி, பழம் சாப்பிட வைத்தார்கள். இடையில் போட்ட நிமோனியா தடுப்பூசிக்கு அவர்களின் ஆன்டிபாடி கூடுதலாக இருந்தது. டெட்டனஸ் ஊசியில் வேறுபாடு இல்லை. மாத்திரை டப்பாவைவிட, கீரையும் காயும் கொய்யாவும் மாதக்கணக்கில் இலையில் இருப்பது மேல் என்று இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

மிகை எடையும் சேர்த்துப் பார்க்க வேண்டியது. வட கரோலினாவில், ஃப்ளூ ஊசி போட்டவர்களில் உடல் பருமன் உள்ளவர்களுக்கு ஃப்ளூ வந்தது மற்றவர்களைப்போல் இரு மடங்கு. ஆன்டிபாடி அளவில் இரு தரப்பும் ஏறத்தாழ ஒன்றுதான். இரத்தத்தில் அளக்க முடிகிற எண் மட்டுமே பாதுகாப்பு இல்லை, டி செல்களின் திறமும் உண்டு என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

அப்படியானால் முதல் கேள்விக்கு வருவோம். ஊசி போட்ட நாளில் கறியும் முட்டையும் சாப்பிடலாம். அவை தடுப்பூசியைக் கெடுக்கும் என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. ஆன்டிபாடி என்பதே ஒரு புரதம். ஒரு பிளாஸ்மா செல் நொடிக்கு ஆயிரக்கணக்கில் அதை உற்பத்தி செய்கிறது. பால் கொடுக்கும் தாயை ரசம் சாதத்தோடு நிறுத்தி, பருப்பையும் மீனையும் விலக்கி வைக்கும் பத்தியம்தான் தீங்கு செய்யும். மதுவை அன்று தவிர்க்கச் சொல்வதில் அர்த்தம் உண்டு. அது தூக்கத்தைத் துண்டு துண்டாக்கும், பின்னிரவில் விழிக்க வைக்கும்.

இதையெல்லாம் தனிமனிதர் ஒழுக்கமாக மட்டும் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. கைக்குழந்தைத் தாய்க்கும், நைட் ஷிஃப்ட் போகும் காவலாளிக்கும், மருத்துவமனை வார்டில் விடிய விடிய நிற்கும் செவிலியர் மாணவிக்கும் ஏழு மணி நேரம் தூங்குங்கள் என்று அறிவுரை சொல்வது எளிது. பிரேசிலில் இரவுப் பணியாளர்களுக்கு மெனிங்கோகாக்கல் ஊசி போட்டுப் பார்த்தபோது, பகலில் வேலை செய்பவர்களைவிட அவர்களின் ஆன்டிபாடி பலன் குறைவாக இருந்தது. ஊசி போடும் நாளுக்கு முந்தைய இரண்டு இரவும் அன்றைய இரவும் நைட் டியூட்டி இல்லாமல் பட்டியல் போடுவது ஒரு வார்டு பொறுப்பாளர் தீர்மானித்தால் நடக்கக்கூடியதே. ஹெபடைடிஸ் பி ஊசியின் மூன்று தவணைக்கும் சேர்த்தால் ஆறு மாதத்தில் ஒருவருக்கு ஒன்பது இரவுகள். அது கிடைக்காமல் போட்டுக்கொண்டவர்களுக்கும் வழி இருக்கிறது. மூன்றாம் தவணை முடிந்து ஒன்று முதல் இரண்டு மாதத்துக்குள் இரத்தத்தில் ஆன்டி-எச்பிஎஸ் எனப்படும் ஹெபடைடிஸ் பி ஆன்டிபாடியின் அளவைச் சோதித்துப் பார்க்கலாம். மில்லி லிட்டருக்கு 10 மில்லி யூனிட்டுக்கும் (mIU/mL) குறைவாக இருந்தால் தவணைகளை மறுபடி போட்டுக்கொள்ளலாம். மருத்துவப் பணியில் இருக்கும் ஒவ்வொருவரும் இந்தச் சோதனையைத் தம் நிர்வாகத்திடம் கேட்டுப் பெற வேண்டும்.